ருசி பார்க்கும் விரல்

மூடியைத் தூக்கினாள், முகர்ந்தாள், ஆள்காட்டி விரலை மிளகுக் குழம்பில் விட்டு நாக்கில் வைத்தாள். "இன்னாடி இது, இவ்ளோ புளியக் கரைச்சி ஊத்திக்கினு வந்துகீறே? பச்சை ஒடம்புக்காரி தின்னா புள்ளைக்கு இருமல் வராதா? எடுத்துக்கினு போ." கொண்டுவந்தவள் மூடியை வாங்கி மூடிக்கொண்டு திரும்பி நடந்தாள். விழுப்புரம் ரயில்வே லைன் வீடுகளில் கெங்கம்மாள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அங்கே இருப்பதெல்லாம் கேங்மேன், போர்ட்டர் குடும்பங்கள். தாய்வீடு எங்கோ இருக்கும். அதனால் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் பத்து நாளைக்கு அந்த வீட்டில் சமையல் கிடையாது. நாளுக்கு ஒரு வீட்டிலிருந்து பத்தியச் சோறு போகும். முறை வைப்பது பாயிண்ட்ஸ்மேன் அரங்கநாதனின் பெண்சாதி கெங்கம்மாள். அவளை யாரும் நியமிக்கவில்லை, ஏன் என்று கேட்கும் தைரியமும் யாருக்கும் இல்லை. பூண்டுக் குழம்பு கைவந்த அம்சவள்ளிக்கு மூன்றாம் நாள். பால் சுரக்கச் சுறாப்புட்டு வேண்டுமே, ஐந்தாம் நாள் பொன்னிக்கு. துவையலில் ஒரு மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, தட்டுப்பட்டாலும் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும்படி ஏச்சு விழும். இத்தனை சட்டம் பேசுகிறவள் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளும் பத்தியம் சாப்பிட்டதில்லை. அந்தக் குறையை மட்டும் யாரும் அவள் காதுபடப் பேசமாட்டார்கள். பாவம், அவளுக்கும் மனசு இருக்கிறதே.

முறையே கிடைக்காத வீடு ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு போர்ட்டர் சவுரிராயனின் வீடு. அவன் ஓயாமல் பீடி குடித்து நாக்குச் செத்தவன். அவனுக்கு உறைக்கிற உப்பைத்தான் அவன் மனைவி இருதயமேரியின் கை போடும். ஏழு வருஷத்துக்கு முன் அவள் கொண்டுவந்த குழம்பில் விரலை விட்ட கெங்கம்மாள், அன்று முதல் அவளை வெந்நீர் போடும் வேலைக்கு மாற்றிவிட்டாள். வெந்நீரில் கெட்டுப்போக ஒன்றுமில்லை என்பது அவள் கணக்கு. மேரியோ தன் மூன்று பிரசவத்துக்கும் ஊர்ச் சோறு தின்றவள். திருப்பி ஒரு வாய் போட முடியவில்லையே என்று அவளுக்கு ஆறாத வருத்தம். ஒவ்வொரு குழந்தைக்கும் வந்து நிற்பாள். "இந்த வாட்டியாவது எனக்கு ஒரு நாள் குடுக்கா."

"அடுத்த வாட்டி பாக்கலாம். நீ போய் வெந்நி போடு."

இப்படி இருக்கையில், தன் நாற்பதாவது வயதில் கெங்கம்மாளே முழுகாமல் இருந்தாள். வாயுத் தொந்தரவு என்று மூன்று மாதம் ஓமத் தண்ணீர் குடித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. புரிந்த மறுநாளே தனக்கும் முறை வைத்துவிட்டாள். பத்து நாள், பத்து வீடு. அதிலும் மேரிக்கு வெந்நீர்தான்.

சித்திரையில் பிறக்கவேண்டிய பெண்பிள்ளை அவசரக்காரி. பங்குனி உத்திரத்தன்று காலையிலேயே பிறந்துவிட்டாள். விடியற்காலை ரயிலில் லைன் முழுக்க மயிலம் தேருக்குப் போயிருந்தது. அரங்கநாதனுக்கு டியூட்டி. மருத்துவச்சியும் தன் வேலை முடிந்ததும் கிளம்பிவிட்டாள். மிஞ்சியது, மாதா கோயிலுக்குப் போகிற மேரி ஒருத்திதான்.

மத்தியானம் கெங்கம்மாளுக்குப் பசி என்றால் அப்படி ஒரு பசி. பக்கத்து வீட்டில் அம்மியில் மிளகு அரைபடும் சத்தம் கேட்டது. சுவரைத் தட்டினாள்.

"மேரி, எனக்கு வெந்நி போதும்டி."

அம்மி இன்னும் வேகமாக ஓடியது.

சற்று நேரத்தில் மேரி குழம்புச் சட்டியும் சோறுமாக வந்தாள். தட்டில் சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், சட்டியின் மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கண் புகையில் சிவந்திருந்தது. உதடு மட்டும் ஏதோ ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. கெங்கம்மாள் பழக்கதோஷத்தில் ஆள்காட்டி விரலைக் குழம்பில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு. ஏழு வருஷமாகியும் ஒரு கல் குறையாத அதே உப்பு.

"எப்படிக்கா கீது?"

கெங்கம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஐந்து விரலாலும் சோற்றைப் பிசைந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றாள். ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, தட்டை மறுபடி நீட்டினாள்.