கதவைக் கழற்றிய படகுக்காரர்

செஞ்சியில் எங்கள் வீட்டெதிரே ஒருநாள் பாய்மரப் படகு ஒன்று வந்து நின்றது. பெங்களூரிலிருந்து புதுச்சேரிக் கடலுக்கு அதை ஏற்றிப்போன வண்டிக்கு டயர் பஞ்சர்.

படகுக்காரர் ஒல்லியான மனிதர், வெயிலில் கறுத்த மூக்கு. எதைக் கொடுத்தாலும் கையில் தூக்கி எடை பார்ப்பார். நாங்கள் கொடுத்த தண்ணீர்ச் சொம்பையும் அப்படித்தான் பார்த்தார். நான் படகின் முகப்பில் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். “இது வெயிட் இல்லையே சார்?” என்றதும் சிரித்துவிட்டார்.

பிறகு எங்களைப் படகில் ஏற்றிக் காட்டினார். பந்தயத்திலும் ஓடுமாம், குடும்பத்தோடு தங்கவும் செய்யலாமாம். காற்றில் சாய்ந்தால் அடியிலுள்ள ஈயக்கட்டி நிமிர்த்திவிடும். உள்ளே இரண்டு படுக்கைகள். படகு சாய்ந்தாலும் பால் சிந்தாதபடி ஊஞ்சல்போல் தொங்கும் அடுப்பு.

“எல்லாம் என் வொய்ஃபுக்காகத்தான் சார். ஒரு தடவையாவது கூட வரணும்னு ஆசை. வரவே மாட்டேங்கிறா. என்ன காரணம்னும் சொல்லல.”

என் மனைவி மூலையிலிருந்த கக்கூஸை எட்டிப் பார்த்தாள். “இன்னா சார், இதுக்குக் கதவே இல்ல?”

“கழட்டிட்டேம்மா. வெயிட் குறைஞ்சா பந்தயத்துல இன்னும் வேகமாப் போகும்.”

“நல்லாப் போவும்! அந்தம்மா கரையிலயே நின்னுக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. உடனே போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். “தம்பி, அந்தக் கதவை எடைக்குப் போட்டுடாத!”

பக்கத்துச் சிங்கவரம் மலையேறி, பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமாளைச் சேவிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது. அந்தம்மா படகில் ஏறினார்களா, தெரியவில்லை. ஏறியிருக்கட்டும் என்று அதையும் சேர்த்துக் கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறேன்.