சீட்டில் ஏறாமல் பார்த்த கிளட்ச்

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள மண்டிக்காரர் வண்டி கெளம்பணும். இல்லைன்னா நீ கெளம்பிடு" என்றார் ஒர்க்‌ஷாப் முதலாளி. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

அறுபதுகளில் செஞ்சியில் எங்கள் ஒர்க்‌ஷாப் திண்டிவனம் ரோட்டில் இருந்தது. லாரியும் பஸ்ஸும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. கார் வருவது அபூர்வம். மண்டிக்காரர் என்பவர் கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தவர். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். என் நைனா அந்த மண்டியில்தான் மூட்டை தூக்கினார். வேலை போனால் நானும் போய் அவர் பக்கத்தில் நிற்க வேண்டியதுதான்.

பாண்டிச்சேரியில் யாரோ துரை விட்டுப்போன பழைய சீமைக் காரை மண்டிக்காரர் வாங்கியிருந்தார். வண்டி லட்சுமியாம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். வெள்ளிக்கிழமை சாம்பிராணி வேறு.

கிளட்சில் வரும் நோய் முக்கியமாக இரண்டு. பிளேட் பிடிக்காமல் நழுவுவது ஒன்று: இஞ்சின் கத்தும், வண்டி நகராது. பிளேட் விடாமல் ஒட்டிக்கொள்வது இன்னொன்று: பெடலை மிதித்தாலும் பிரியாது, கியர் போட்டால் 'கர்ர்' என்று பல்லைக் கடிக்கும். இந்த லட்சுமிக்கு இரண்டாவது நோய். சீட்டில் உட்கார்ந்து காலால் பெடலை மிதித்துப் பார்த்தால் பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். நான் கதவில் கை வைத்தேன்.

"டேய் டேய், எங்க ஏற்ற?" என்று மண்டிக்காரர் ஓடி வந்தார்.

"பெடல் மிதிச்சிப் பாக்கணும் ஐயா."

"நான் மிதிக்கிறேன். நீ அடியில பூந்து பாரு. வண்டிக்கு வயிறு அடியிலதான் இருக்குது."

நான் சேரியிலிருந்து வேலைக்கு வந்தவன். வண்டியின் வயிற்றைத் தொடலாம், குடலை உருவலாம், சீட்டில் மட்டும் உட்காரக் கூடாது. முதலாளி உட்காரலாம், ஆனால் அவர் தொந்தி ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் நுழையாது. ஆக, மேலே மண்டிக்காரர் மிதித்தார், கீழே நான் பார்த்தேன். பிளேட்டைப் பிரித்துவிடும் கிளட்ச் ஃபோர்க் கொஞ்சூண்டுதான் அசைந்தது. பெடலிலிருந்து ஃபோர்க்குக்குப் போகும் ராடை டைட் பண்ணினேன். கியர் விழுந்தது. அவர் ஜம்மென்று ராஜகிரிக் கோட்டைப் பக்கம் ஒரு ரவுண்டு போனார். மேட்டில் கிளட்ச் நழுவிவிட்டதாம், உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். லூஸ் பண்ணினேன். மறுபடி கர்ர்.

"இன்னாடா இது, டைட்டு பண்ணா வழுக்குது, லூசு பண்ணா கடிக்குது? உனுக்கு வேல தெரியுமா தெரியாதா?" என்றார் மண்டிக்காரர்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கியர்பாக்ஸை இறக்கினேன். பிளேட் புதுசு மாதிரி இருந்தது, பேரிங் நன்றாகச் சுழன்றது. ஒரு குறையும் இல்லை. மாட்டினேன். கர்ர். மூன்று நாள் அடியில் கிடந்து முதுகுத் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. ஒரு மணி நேரமாக மிதித்துக்கொண்டிருந்த மண்டிக்காரர் திடீரென்று, "ஐயோ அம்மா!" என்று கத்தினார். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே இறங்கினார்.

முதலாளி மெதுவாகச் சொன்னார்: "அவனே மிதிக்கட்டுமே ஐயா. நாளன்னிக்கு நீங்க அவலூர்பேட்டைக்குப் பையனுக்குப் பொண்ணு பாக்கப் போவணும் இல்ல?"

மண்டிக்காரர் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு சீட்டின்மேல் கோணி ஒன்றை விரித்தார். அதோடு விட்டாரா? குனிந்து, பெடலுக்குக் கீழே நாலாக மடித்துப் போட்டிருந்த ஜமக்காளத்தை உருவினார். அதற்கடியில் கிடந்த தேங்காய்நார்க் கால்மிதியையும் உருவினார். சித்திரை வெயிலில் இஞ்சின் சூடு ஏறி வெறுங்கால் சுடுகிறது என்று அவரே போட்டவை. என் கால் அதில் படக் கூடாது, இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

நான் ஏறி மிதித்தேன். பெடல் முழுசாக இறங்கித் தரைத் தகட்டில் 'டங்' என்று இடித்தது. கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. ரிவர்ஸும் விழுந்தது.

அவர் கக்கத்தைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. மூன்று நாள்!

"ஐயா, ஜமக்காளம்தான். பெடல் அதுல போயி முட்டிக்குது, பிளேட் முழுசா பிரியல."

"போடா, ஜமக்காளமாவது கியரைத் தடுக்கறதாவது!" ஜமக்காளத்தை மறுபடி போட்டு ஏறினார். கர்ர். எடுத்துவிட்டு ஏறினார். விழுந்தது. மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப காலு சுடுமேடா!"

"செருப்புப் போட்டுக்கங்க ஐயா."

"லட்சுமி மேல செருப்புக் காலை வெக்கிறதா?" சீட்டில் கிடந்த கோணியைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம நீயே ஓட்டு. கோணிதான் இருக்குதில்ல."

சேரிக்காரன் வெறுங்கால் சுட்டால் லட்சுமிக்கு ஒன்றும் ஆகாது போல. ஓட்டினேன். கோணிமேல் நான், பின்சீட்டில் அவரும் மகனும். அவலூர்பேட்டையில் இறங்கியதும் பெண்ணின் அப்பா நேராக என்னிடம் வந்தார்.

"டிரைவர் தம்பி, நீங்களும் உள்ள வாங்க. காப்பி சாப்டாம போவக் கூடாது."

மண்டிக்காரர் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியாது. நான் யார் என்று சொன்னால், இவனையா உன் வண்டியில் உட்கார வைத்தாய் என்று சம்பந்தியே கேட்பார். சொல்லாவிட்டால் நான் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து குடிப்பேன்.

"தம்பி யாரு?" என்றார் பெண்ணின் அப்பா.

மண்டிக்காரர் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நம்ம... நம்ம புள்ளதான்."

வெள்ளி டம்ளரில் காப்பி வந்தது. தெரிந்த முகம் ஏதாவது வந்துவிட்டால் உதை எனக்குத்தான். ஆனாலும் ஆற்றி ஆற்றி நிதானமாகக் குடித்தேன். அவர் தன் காப்பியைத் தொடவே இல்லை, என் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை போகவில்லை. திங்கட்கிழமை முதலாளி மட்டும் கேட்டார்: "கியர்பாக்ஸை எறக்கறதுக்கு முன்னாடி அந்த ஜமக்காளத்தை எறக்கிப் பாத்திருக்கக் கூடாதா?"

"ஏற வுட்டாத்தானே மொதலாளி எறக்கறதுக்கு?"



இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கிளட்ச் கம்ப்ளைண்ட் என்று வண்டி வந்தால், ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெடலை மிதியுங்கள். ஏற விடவில்லை என்றால் கியர்பாக்ஸை இறக்காதீர்கள். கோளாறு வண்டியில் இல்லை.