எல்லாவற்றுக்கும் ஓம்

எங்கள் ஆஸ்பத்திரியின் தள்ளுவண்டிக்கு நான்கு சில்லுகள் இருந்தன. அவற்றில் ஒன்று தன் விருப்பப்படிதான் உருளும். நேரே தள்ளினால் சுவர்ப் பக்கம் இழுக்கும், திருப்பினால் அடம்பிடித்து நிற்கும், எப்படித் தள்ளினாலும் கீச்சிடும். நோயாளிகளை ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக அது ஒன்றுதான் இருந்தது. விறாந்தையில் அந்தச் சத்தம் கேட்டதும் தியேட்டர் சிஸ்டர் வாசலுக்கு வந்து நின்றுவிடுவார். கத்தி வண்டியில் படுத்திருப்பவருக்குத்தான் என்றாலும், தள்ளிக்கொண்டு போகும் நாங்கள்தான் அவருக்குப் பயப்படுவோம். அந்த வண்டியை நினைத்தால் எனக்கு இப்போது சிஸ்டரின் முகம் வருவதில்லை. ஒரு மழைநாள் காலையில் அதில் படுத்துக்கொண்டு, நான் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிய ஒரு பெண்ணின் முகம்தான் வருகிறது.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம் அது. நான் குருநகரிலிருந்து தாதிப் பயிற்சிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கடலுக்குப் போகும் குடும்பம் எங்களுடையது. "கண்ட கண்ட ஆக்களின்ரை உடம்பைத் தொடுற வேலைக்கோ பெட்டையை விடுறாய்?" என்று சொந்தக்காரர்கள் கேட்டதை எல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் என் தகப்பனார் என்னைக் கொண்டுவந்து விட்டிருந்தார். அதனால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் என்னை ஒரு நாளும் விட்டதில்லை. அனுப்புவதற்குக் காரணங்களுக்கும் பஞ்சமில்லை. தொப்பி சரிந்தால் ஏச்சு, இரத்தத்தைக் கண்டு தலை சுற்றினால் ஏச்சு, இங்கிலீஷ் மருந்துப் பெயர் ஒன்று வாயில் சிக்கினால் ஏச்சு. வகுப்பில் படித்தது ஒரு விதம், வார்ட்டில் கிடந்தது வேறு விதம். பெரியவர்கள் ஒரு வேலையை ஒருதரம் சொல்லிவிட்டு "விளங்கிச்சுதோ?" என்பார்கள். நாங்கள் "ஓம்" என்போம். விளங்கவில்லை என்று சொன்ன ஒருத்தியை வார்ட் முழுக்கக் கேட்கும்படி சிஸ்டர் ஏசியதைப் பார்த்திருந்தோம். அதற்குப் பிறகு எங்களில் எவருக்கும் விளங்காத விஷயமே இருக்கவில்லை.

அந்த மாரிகாலத்தில் பெண்கள் வார்ட் மலேரியாக் காய்ச்சல்காரரால் நிறைந்திருந்தது. வார்ட்டைப் பார்த்துக்கொண்ட பெரிய மிஸியும் காய்ச்சலில் விழுந்துவிட்டார். தாதிகளை எங்கள் பக்கத்தில் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். முதல்நாள் பின்னேரம் பெய்த மழையில் கூரை ஒழுகியபோது, கட்டில்களின் கால்மாட்டில் தொங்கிய, பெயரும் நோயும் எழுதிய மட்டைகள் நனையாமல் இருக்க எல்லாவற்றையும் கழற்றி எடுத்திருக்கிறார்கள். மழை விட்டதும் பெயரைக் கேட்டுக் கேட்டுத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு செல்லம்மா இருந்த காலம் அது. அந்த வார்ட்டில் இரண்டு பேர் இருந்தார்கள் என்பது அந்த அவசரத்தில் யாருக்கும் நினைவில் வரவில்லை. நான் அன்று வேறு வார்ட்டில் இருந்தேன், மட்டைகளைக் கழற்றி மாட்டியது எனக்குத் தெரியாது. காலையில் தியேட்டர் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "செல்லம்மாவைக் கொண்டு வா. கர்ப்பப்பையிலை கட்டி. பட்டினத்திலையிருந்து டொக்டர் வந்திட்டார், சுணங்கக் கூடாது. விளங்கிச்சுதோ?" என்றார். ஓம் சிஸ்டர் என்றேன். அந்த டொக்டர் ஒப்பரேஷன் செய்வதற்கு மட்டும் இடைக்கிடை வருபவர். நோயாளிகளின் முகம் அவருக்கு நினைவிருக்க நியாயமில்லை. சிஸ்டரும் வார்ட்டுப் பக்கம் வருவதில்லை.

கட்டி என்று எழுதிய மட்டை தொங்கிய கட்டிலில் ஒரு மெலிந்த அக்கா படுத்திருந்தார். "செல்லம்மா அக்காவோ?" என்றேன். "ஓம் மிஸி." ஆயாவும் நானுமாக வண்டியில் ஏற்றி, வெள்ளைத் துணியால் போர்த்தி, மட்டையைக் கால்மாட்டில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். விறாந்தையில் பாதித் தூரம் போயிருப்போம். அக்கா மெதுவாகக் கேட்டார், "மிஸி, காய்ச்சல் விட்டிட்டுது. இண்டைக்கு வீட்டை விடுவினமோ?"

நான் வண்டியை நிறுத்தி மட்டையைப் பார்த்தேன். மட்டையில் காய்ச்சல் என்று ஒரு சொல்லும் இல்லை. அப்போதுதான், காய்ச்சலுக்கு வந்த இன்னொரு செல்லம்மாவும் அந்த வார்ட்டில் இருப்பதாக யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. "அக்கா, நீங்கள் காய்ச்சலுக்கோ வந்தனீங்கள்?" என்றேன். "ஓம் மிஸி." "அப்ப ஒப்பரேஷன் செய்ய வரேல்லையோ?" அக்கா என் முகத்தைப் பார்த்தார். என்ன சொன்னால் நான் கோபிக்க மாட்டேன் என்று தேடுவது தெரிந்தது. "ஓம் மிஸி, அதுக்கும்தான்" என்றார். மட்டையில் பெயருக்குக் கீழே இன்னாரின் மனைவி என்று எழுதியிருந்தது. ஓம் என்று பதில் சொல்ல முடியாத கேள்வி அது ஒன்றுதான் என்று நினைத்து, புருஷனின் பெயரைக் கேட்டேன். அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "அதை நான் எப்பிடி மிஸி என்ரை வாயாலை சொல்லுறது?"

எங்கள் குருநகர்க் கத்தோலிக்கப் பெண்களும் சொல்ல மாட்டார்கள். கெஞ்சிக் கேட்டால் அந்தப் பெயருக்குரிய அர்ச்சியசிஷ்டவரை, அதாவது புனிதரை, காட்டிவிடுவார்கள், நாங்கள் பிடித்துக்கொள்வோம். இவரும் அப்படித்தான், "நல்லூரிலை இருக்கிறவர்" என்றார். நல்லூரில் இருப்பவர் முருகன். மட்டையில் இருந்ததும் முருகன் பெயர்தான். ஒரு கணம் உயிர் வந்தது, அடுத்த கணம் போய்விட்டது. எங்கள் அந்தோனியார் எங்கே போனாலும் அந்தோனியார். முருகனுக்கோ இருக்கிற பெயர்களைக் கொண்டு ஓர் ஊரையே நிரப்பலாம். கடைசியில் மட்டையில் இருந்த பெயரை வாசித்து, இதுவோ என்று கேட்டேன். "ஓம் மிஸி." அது நான் சிஸ்டரிடம் சொல்லும் அதே ஓம்.

வாசலில் சிஸ்டர் நின்றார். வீட்டுக்கு அனுப்பினால் அனுப்பட்டும் என்று எண்ணும் அளவுக்கு நான் தைரியசாலி இல்லை. சொல்லாவிட்டால் ஒன்றுமில்லாத வயிற்றை வெட்டிவிடுவார்கள் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். "சிஸ்டர், இவ அந்தச் செல்லம்மாவோ எண்டு எனக்குத் தெரியேல்லை" என்றேன். சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அக்காவிடம் குனிந்தார். "நீர்தானே கட்டிக்கு ஒப்பரேஷன் செய்ய வந்தனீர்?" "ஓம்." "கேட்டியோ? உன்னைப் பிறகு கவனிக்கிறன்" என்றார் சிஸ்டர். வண்டி உள்ளே போய்விட்டது.

அக்காவின் கைகளைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அவை குளிர்ந்து கிடந்தன. மேலே பெரிய விளக்கு, சுற்றிலும் மூக்கையும் வாயையும் கட்டிய முகங்கள், குளோரோபோம் மயக்கமருந்தின் வாடை. நான் மாதாவை மன்றாடிக்கொண்டு நின்றேன். முகமூடியை அக்காவின் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தபோது, அதுவரை மூச்சுக்கூடக் கேட்காமல் படுத்திருந்த மனுஷி துள்ளி எழும்பி ஒரு பெயரைச் சொல்லிக் கத்தினார். ஓர் ஆணின் பெயர், முழுப் பெயர். ஒருதரம் அல்ல, திரும்பத் திரும்ப. அதுவும் முருகன் பெயர்தான், ஆனால் மட்டையில் இருந்த பெயர் அல்ல. கலியாணமான ஒரு பெண் அப்படி யாருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள் என்று அந்த அறையில் நின்ற பெண்களுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. சிஸ்டர் மட்டையை எடுத்துப் பார்த்தார். அவருடைய கண்களில் பயத்தை நான் அன்றுதான் கண்டேன். "டொக்டர், நிப்பாட்டுங்கோ" என்றார்.

மற்றச் செல்லம்மாவைக் கொண்டுபோய்க் கட்டியை எடுத்தார்கள், அவரும் சுகமாகி வீட்டுக்குப் போனார். சிஸ்டர் என்னை அதற்குப் பிறகு கவனிக்கவும் இல்லை, அந்தக் காலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அக்காவை நான்தான் கட்டிலுக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். "ஆள் மாறிப்போச்சு அக்கா, உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லை" என்று எத்தனையோ தரம் சொன்னேன். அது அவருடைய காதில் ஏறியதாகத் தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் கத்தினது வெளியிலை கேட்டிருக்குமோ?" என்றார். கேட்டிருக்காது என்றேன். "அவர் பின்னேரம் பார்க்க வருவார். நான் பேர் சொன்னதை அவரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ மிஸி" என்று சொல்லித்தான் அழத் தொடங்கினார். வயிற்றுக்கு வர இருந்த கத்திக்கு அவர் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை.

பின்னேரம் அந்த மனிதர் நனைந்த குடையோடு வந்தார். போகும்போது என்னிடம் கூச்சத்தோடு, "இவ உங்களுக்குக் கரைச்சல் ஒண்டும் குடுக்கேல்லையே?" என்று கேட்டார். "இல்லை அண்ணை, சத்தமே போடாத ஆள்" என்றேன். பிறகு சாவகச்சேரிப் பக்கத்தில் நெடுங்காலம் மிஸியாக இருந்து ஓய்வு பெற்றேன். யாரிடமும் "நீங்கள்தானே?" என்று நான் கேட்டதில்லை, உங்கடை பேர் என்ன என்றுதான் கேட்பேன். இப்போது என் மகள் மாடியிலிருந்து தன் புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், தெருவுக்கே கேட்கிறது. அந்த அக்காவும் அவருடைய மனிதரும் இன்று இருக்க மாட்டார்கள். அந்தப் பெயர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் இங்கே நான் அதை எழுதவில்லை.