அரசாங்கம் வாங்கிய எங்கள் முதல் ஸ்டெபிலைசர்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவாண்டார்கோயில் பக்கம் அரசு சிறுதொழில் கூடங்களைக் கட்டி உள்ளூர்க்காரர்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தது. அதில் ஒன்றை நானும் என் தோழியும் எடுத்தோம். நான் வில்லியனூரை அடுத்த ஒரு கிறிஸ்தவ விவசாயக் குடும்பத்துப் பெண். அவள் வில்லியனூர் கடைத்தெருவில் ரேடியோவும் கடிகாரமும் விற்ற ஒரு முஸ்லிம் வியாபாரியின் மகள். பெண்களுக்காக அரசு நடத்திய எலக்ட்ரானிக்ஸ் பயிற்சியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர்கள் நாங்கள்.

நாங்கள் செய்தது வோல்டேஜ் ஸ்டெபிலைசர். நடவுக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பம்புசெட்டுகள் எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்தால் வீட்டு பல்பில் கம்பி மட்டும்தான் சிவப்பாகத் தெரியும். ரேடியோ கரகரக்கும், டிவியில் படம் சுருங்கிவிடும். இதற்கு ஒரு பெட்டி செய்தால் ஊரே வாங்கும் என்று நினைத்தோம். கூடம் கிடைத்தது, மின்சாரம் கிடைத்தது, செம்புக் கம்பிகூட சிறுதொழில் ஒதுக்கீட்டில் கிடைத்தது. வாங்க ஆள்தான் கிடைக்கவில்லை.

தோழியின் அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லாத்தாம்மா செஞ்சிருக்கீங்க. ஆனா கடைக்கு வர்றவன் மெட்ராஸ் சரக்கு இருக்கான்னுதானே கேக்கறான்? திருவாண்டார்கோயில்ல செஞ்சதுன்னா கையில எடுத்துக்கூடப் பாக்க மாட்டான்.”

“நம்ம கடையிலயே வைக்கலன்னா வேற எவன் வைப்பான், அத்தா?” என்று அவள் கேட்டாள். அவர் பெட்டியை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஊர் மக்கள் பார்ப்பதற்காகப் பஞ்சாயத்துக் கட்டடங்களில் டிவி வைத்தார்கள். அதற்கெல்லாம் ஸ்டெபிலைசர் தேவைப்பட்டது. அரசு வாங்கும் பொருளுக்கு உள்ளூர்ச் சிறுதொழில்களை முதலில் கேட்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. தொழில் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி ஸ்கூட்டரில் எங்கள் கூடத்துக்கு வந்தார்.

“முதல்ல கேக்கறோம்னா, எப்படி இருந்தாலும் வாங்கிப்போம்னு அர்த்தம் இல்லம்மா. பெட்டி வேலை செய்யணும். கரிக்கலாம்பாக்கத்துல வச்சுப் பாக்கலாம். அங்கதான் வோல்டேஜ் ரொம்ப மோசம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போடும் நேரம். பஞ்சாயத்துக் கட்டடத்து முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் நடவு வேலை, எல்லா மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் பெட்டியைப் போட்டதும் படம் பளிச்சென்று வந்தது. கொஞ்ச நேரம்தான். பெட்டிக்குள் டக் டக் என்று சத்தம் கேட்க ஆரம்பித்தது, படம் விட்டு விட்டுத் துடித்தது, பிறகு கருகல் வாசனையோடு புகை வந்தது.

“இன்னாடா இது, படத்தையே கெடுத்துட்டாளுங்க!” என்று யாரோ கத்தினார்கள்.

அதிகாரி போய் பிளக்கைப் பிடுங்கினார். என் தோழி அழுதுவிட்டாள். என்னால் தலையை நிமிர்த்தவே முடியவில்லை. அவர் கூட்டத்தைப் பார்த்து, “இதுக்குத்தாங்க வச்சுப் பாக்கறது. உங்க ஊரு கரண்ட்டுல நிக்கற பெட்டியாதான் வாங்கணும்” என்றார். பிறகு எங்களிடம் வந்து, “ஒரு தரம்தான் சோதனைன்னு எங்கயும் எழுதி வைக்கல. என்ன கோளாறுன்னு பாத்து சரி பண்ணி எடுத்துட்டு வாங்க” என்றார்.

என் அத்தை வீடு கரிக்கலாம்பாக்கத்தில்தான் இருந்தது. நடவு முடிவதற்குள் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வோல்ட் மீட்டரோடு அங்கேயே போய்த் தங்கினோம். அன்று கத்திய ஊர்க்காரர்களே வரப்பில் நின்று, “மோட்டார நிறுத்தவா, போடவா?” என்று கேட்டுக் கேட்டு உதவினார்கள். ஒவ்வொரு மோட்டார் ஓடும்போதும் நிற்கும்போதும் மீட்டர் முள் ஏறி இறங்கியது. எங்கள் கூடத்துச் சீரான மின்சாரத்தில் நாங்கள் இதைப் பார்த்ததே இல்லை.

“முள்ளு கொஞ்சம் ஆடினாலே நம்ம பெட்டி டக் டக்னு அளவ மாத்திக்குதுடி. மாறி மாறித்தான் சூடாயிருக்கு. சின்ன ஆட்டத்துக்கெல்லாம் மாறாம, ஒரு தரம் மாறினா அங்கயே நிக்கற மாதிரி பண்ணணும்” என்றாள் தோழி. அதைச் சரி செய்தோம். கம்பியையும் கனமாகப் போட்டுச் சுற்றினோம்.

மறுபடியும் அதே இடம், அதே கூட்டம். பெட்டி ஒரே ஒரு டக் சத்தத்தோடு அடங்கியது. படம் ஆடாமல் நின்றது. நாங்கள் இருவரும் பெட்டியையே முறைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா, “ஏ பொண்ணுங்களா, ஒக்காந்து படத்தப் பாருங்கடி!” என்று அதட்டினார். உட்கார்ந்தோம். என்ன படம் என்று இப்போது நினைவில்லை.

அதற்குப் பிறகு சுற்றுவட்டாரப் பஞ்சாயத்து டிவிகளுக்கெல்லாம் எங்கள் பெட்டிதான் போயிற்று. தோழியின் அப்பா கடையில் வைக்கத் தொடங்கினார். “பஞ்சாயத்து டிவிக்கே இதான் வச்சிருக்காங்க” என்று அவரே சொல்லி விற்றார். மூலக்குளத்திலிருந்து பெண்கள் பஸ் பிடித்து எங்களிடம் வேலைக்கு வந்தார்கள்.

அரசு கை கொடுத்தால் தொழில் வளருமா என்று என்னைக் கேட்கிறவர்கள் உண்டு. எங்களுக்குப் பக்கத்துக் கூடத்தில் இருந்தவர் வரிச்சலுகைக்காக வெளியூரிலிருந்து வந்தவர். சலுகை முடிந்ததும் பூட்டிவிட்டுப் போய்விட்டார். அவருக்குக் கிடைத்ததெல்லாம் எங்களுக்கும் கிடைத்தது. கூடுதலாக, எங்களிடம் ஒரு பொருளைக் கேட்டு, அது புகைந்த பிறகும் காத்திருந்த ஒரு வாடிக்கையாளர் கிடைத்தார். அந்த வாடிக்கையாளர் அரசாங்கம்தான். அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அந்த அதிகாரிக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்தபோது நன்றி சொல்லப் போனோம். “எனக்கு எதுக்கும்மா நன்றி? அடுத்து ஒருத்தர் வருவாரு. புதுசா எதாவது செஞ்சு அவருகிட்ட எடுத்துட்டுப் போங்க” என்றார். போனோம். வந்தவர் சிடுசிடுப்பானவர், உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் நாங்கள் கொண்டுபோன புதுப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, “பாகூர் பக்கம் வச்சுப் பாப்போம். நீங்களும் வந்துடுங்க” என்றார்.