வியாழக்கிழமை பெஞ்சில் ஓர் அப்பா

என் மூத்த மகன் பிறந்தது ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கின அடுத்த வருஷம். முதலியார்பேட்டையில், மில்லுக்குப் பின்னால் இருந்த தெருவில் எங்கள் வீடு. நான் மில்லில் நூல் நூற்கும் பிரிவில் வேலை பார்த்தேன். என் மனைவி இரண்டு தெரு தள்ளி இருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். அவள் வீட்டார் காரைக்காலில் இருந்தார்கள். எனக்கு அப்பா அம்மா இல்லை. அதனால் பிரசவ லீவு முடிந்து அவள் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியபோது, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு வந்தது.

"நான் வேலைய விட்டுடட்டா?" என்று கேட்டாள். கேட்கும்போதே முகம் வாடிவிட்டது. அவளுக்கு அந்த வகுப்பும் அந்தப் பொடிசுகளும் உயிர்.

நான் மேஸ்திரியிடம் சொல்லி அரை நைட் ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன். பிற்பகலில் போய் ராத்திரி திரும்புகிற ஷிப்டு அது. காலை முழுக்கப் பிள்ளை என் பொறுப்பு. இடைவேளையில் அவள் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓடுவாள். நான் மில்லுக்குக் கிளம்பிய பிறகு அவள் வரும்வரை எதிர்வீட்டு அக்கா வைத்துக்கொள்வார். ஏற்பாடு என்னவோ சுலபமாக முடிந்துவிட்டது. ஆனால் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுதை எப்படி ஓட்டுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வியாழக்கிழமைதோறும் குழந்தைகளைப் பார்க்கிற சின்ன ஆஸ்பத்திரி ஒன்று எங்கள் பக்கம் இருந்தது. எடை பார்ப்பார்கள், அம்மை வராமல் இருக்க அம்மைப்பால் வைப்பார்கள், என்ன கொடுக்கலாம், எப்படி வளர்க்கலாம் என்று சொல்வார்கள். அதுவரை என் மனைவிதான் போய்க்கொண்டிருந்தாள். இனி நான்தான் போக வேண்டும். அவளுடைய பழைய பருத்திப் புடவையில் பிள்ளையைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

வராந்தாவில் நீளமான பெஞ்சு. அதில் ஓர் இடம்கூட விடாமல் பெண்கள். அரியாங்குப்பம் பக்கமிருந்து வந்தவர்கள், சந்தைக்கு வந்த கையோடு வந்தவர்கள், எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. முந்தானைகள் தோளுக்கு ஏறின. ஓர் ஓரமாக நின்றேன்.

வயதான ஓர் அம்மா, பேத்தியை மடியில் வைத்திருந்தவர், என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "ஏம்பா, தாயில்லாப் புள்ளையா?"

"இல்லீங்க. அவ பள்ளிக்கூடம் போயிருக்கா."

"பள்ளிக்கூடமா! புள்ள பெத்த பொறவு படிக்கிறாளா?"

"படிக்கல. பாடம் சொல்லிக் குடுக்கறா."

அந்த அம்மாவின் கண்ணில் ஏற்கெனவே தண்ணீர் நின்றுவிட்டது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் துடைத்துக்கொண்டே சிரித்தார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது வரை சூடேறியது.

உள்ளேயிருந்து நர்ஸ் வந்தார். அவர் கன்னியர் மடத்தைச் சேர்ந்தவர். எங்கள் ஊர் பிரெஞ்சு வழக்கப்படி எல்லாரும் அவரை சிஸ்டர் என்று சொல்லாமல் 'மாசேர்' என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷி, ஆனால் கறார். "தம்பி, இது தாய்மாருங்க வர்ற நாளு. ஆம்பளைங்களுக்கு இங்க எடமில்ல" என்றார்.

திரும்பிப் போகப் பார்த்தேன். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "மாசேர், அந்தப் புள்ளைக்கு அவர்தானே அப்பா? உள்ள அனுப்புங்க."

டாக்டரம்மாவை அன்றுதான் முதலில் பார்த்தேன். கடலூர்ப் பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம், இடுப்பில் சாவிக்கொத்து. நாற்காலி இருந்தும் தரையில் பாய் விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பாயில் ஒரு பிள்ளை கவிழ்ந்து கிடந்து அவர் சாவிக்கொத்தைச் சப்பிக்கொண்டிருந்தது. எனக்கும் பாயில் இடம் காட்டினார்.

எடை சரியாக இருந்தது. பிறகு கேட்டார். "சிரிக்கிறானா?"

"தூக்கத்துல சிரிக்கிறாங்க. மோட்சத்துலேருந்து சம்மனசு வந்து வெளையாட்டுக் காட்டுதுன்னு சொல்லுவாங்க."

"முழிச்சிருக்கறப்ப? உங்க மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிறானா?"

யோசித்தேன். "நான் மூஞ்சியக் காட்டினதில்லீங்க."

அவர் சிரிக்கவில்லை. "காலையெல்லாம் என்ன செய்யறீங்க அவனோட?"

"தூளியில போட்டு ஆட்டுவேன்."

"பேச மாட்டீங்களா?"

"அவனுக்கு என்னாங்க புரியும்?"

"புரியறதுக்கு முன்னாடியே பேசணும். அப்பதான் ஒருநாள் புரியும். மில்லுல கூட்டாளிங்களோட பேசறீங்க இல்ல? அதையே இவன்கிட்டயும் சொல்லுங்க."

பிள்ளையை என் மடியில் படுக்க வைத்து, என் தலையைப் பின்னாலிருந்து அழுத்தி அவன் முகத்துக்கு நேரே கொண்டுபோனார். "இப்ப நாக்க நீட்டுங்க." மாசேர் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. நீட்டினேன். அவன் என்னையே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு மெள்ள, பெரிய முயற்சி செய்கிறவன்போல, அவனும் தன் சின்ன நாக்கை நீட்டினான்.

அப்போது எனக்கு எப்படி இருந்தது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. இவ்வளவு நாளும் நான் ஆட்டிக்கொண்டிருந்தது ஒரு பொட்டலம் அல்ல, ஓர் ஆள் என்று தெரிந்தது.

மறுநாளே ஆரம்பித்தேன். முதலில் என்ன சொல்வதென்று நாக்கு புரளவில்லை. பிறகு மில் கதை வந்தது. எந்த இயந்திரம் அடிக்கடி மக்கர் பண்ணும், மேஸ்திரி வெற்றிலையை எந்தக் கன்னத்தில் அடக்குவார், இழை அறுந்தால் எப்படிச் சேர்ப்பது, போனஸ் விஷயத்தில் யூனியன்காரர்கள் என்ன சொல்கிறார்கள். அவன் கண்ணை அகலத் திறந்து கேட்டான். நான் நிறுத்தினால் 'ஆ' என்பான். நான் பதில் சொல்வேன். மறுபடி 'ஆ' என்பான். எதிர்வீட்டு அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் போய், "ஒன் வூட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்லியா? தனியா பேசிக்கிறாரு" என்று கவலையோடு கேட்டிருக்கிறார்.

தூளியை விட்டுத் தரைக்கு இறக்கச் சொன்னார் டாக்டரம்மா. மில்லில் கழித்துப் போட்ட, நூல் சுற்றுகிற மரப் பாபின்கள் சிலவற்றைக் கேட்டு வாங்கி வந்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கொதிக்கும் தண்ணீரில் அலசிக் கொடுத்தேன். நான் அவற்றை வரிசையாக நிறுத்துவேன். அவன் கையால் ஒரு வீசு வீசித் தள்ளிவிட்டு, வயிறு குலுங்கச் சிரிப்பான். உருண்டு ஓடியதைப் பிடிக்கத்தான் முதலில் தவழ்ந்தான். கேழ்வரகுக் கூழை அவன் துப்பியபோது, "துப்பட்டும், நாளைக்கும் குடுங்க" என்றார் டாக்டரம்மா. வாரக்கணக்கில் துப்பினான். பிறகு ஒருநாள் கிண்ணத்தைப் பிடித்து இழுத்தான்.

அவன் பேசின முதல் வார்த்தையால் வீட்டில் ஒரு சின்னச் சண்டையே வந்தது. காலையில் மில் சங்கு ஊதும்போதெல்லாம் அவனைத் தூக்கி வாசலில் நிறுத்தி, "கேட்டியா, ஊஊ!" என்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேலே பார்த்துத் தெளிவாக "ஊஊ" என்றான். அடுத்து வந்த வார்த்தை "நூலு".

"அம்மான்னு சொல்ல வரல, நூலுன்னு சொல்ல வருதா?" என்றாள் என் மனைவி. கோபம் பாதி, சிரிப்பு பாதி. "ஊருல இருக்கற புள்ளைங்களுக்கெல்லாம் நான் பேச்சு சொல்லிக் குடுக்கறேன். என் புள்ள மில்லுக்காரனாட்டம் பேசுது." அன்று முழுக்க அவன் எதிரில் உட்கார்ந்து 'அம்மா' சொல்லிக் கொடுத்தாள். அவன் மரியாதையாகக் கேட்டுவிட்டு "நூலு" என்றான்.

அந்த வருஷம் அடைமழையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. காதைப் பிடித்துக்கொண்டு அழுதான். எதிர்வீட்டு அக்கா எண்ணெய் காய்ச்சி எடுத்து வந்தார். டாக்டரம்மா காதுக்குள் எதையும் விடக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்ததால் வேண்டாம் என்றோம். வீட்டில் இருந்த காய்ச்சல் மருந்தைக் கொடுத்ததில் காய்ச்சல் இறங்கியது. விளையாடவும் ஆரம்பித்துவிட்டான். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் இருந்தோம்.

ஆனால் காலையில் சங்கு ஊதியபோது அவன் தலை தூக்கவில்லை. பாபினை உருட்டிக்கொண்டே இருந்தான். மறுநாளும் அப்படியே. பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. முன்னால் போய் நின்றதும் சிரித்தான்.

மனைவியிடம் சொன்னேன். "வெளையாட்டு மும்முரத்துல இருப்பான்" என்றாள். அவளும் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

அன்று வியாழன் இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். கோணிப்பையை மடித்துச் செய்த கொங்காணியால் அவனை மூடித் தோளில் போட்டுக்கொண்டு போனேன். டாக்டரம்மா ஈரத்தோடு நின்ற என்னை உட்காரச் சொல்லி, நான் பார்த்ததை முழுக்கக் கேட்டார். பிறகு மாசேரை அவன் எதிரில் பொம்மை காட்டச் சொல்லிவிட்டு, பின்னால் போய்த் தம்ளரில் கரண்டியால் தட்டினார். சாவிக்கொத்தைக் குலுக்கினார். தம்ளருக்குக் கொஞ்சம் திரும்பினான். சாவிக்குத் திரும்பவில்லை.

காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "உள்ள சீழ் கட்டியிருக்கு. ரெண்டு பக்கமும்" என்றார். "பயப்படாதீங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சிட்டீங்க. ஊசி போடுவோம், தெனம் கொண்டாங்க, காதை நானே சுத்தம் பண்றேன். இதுக்கு நடுவுல பேச்ச மட்டும் நிறுத்திடாதீங்க. எதிர்ல உக்காந்து, ஒங்க வாய் தெரியற மாதிரி பேசுங்க."

தினம் போனேன். வீட்டில் அவனை முழங்காலில் உட்கார வைத்து, முகத்துக்கு முகம் பேசினேன். சத்தம் குறைந்ததால் அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என் வாய்க்குள் விரலை விட்டுப் பார்ப்பான். தொண்டையில் கை வைத்துப் பார்ப்பான். வார்த்தை அங்கேதான் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடுகிறவன்போல. என் மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அதே மாதிரி எதிரில் உட்கார்ந்து பாடுவாள். அவன் அவள் உதட்டில் கை வைத்துக்கொண்டே கேட்பான்.

மழை விட்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. பூசை முடிந்து மூவரும் பெரிய மார்க்கெட்டுக்குப் போனோம். அவன் என் தோளில் சாய்ந்து பின்பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான். மீன் விற்கும் இடத்தில் ஓர் அம்மா, எங்களுக்கு முன்னால், அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், திடீரென்று எடுத்தார் ஒரு குரல்: "வஞ்சரம்! வஞ்சரம்!"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டென்று திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தான். உதடு பிதுங்கியது. ஓவென்று அழ ஆரம்பித்தான்.

நான் அவனைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டேன். "கேட்டுடுச்சு! கேட்டுடுச்சு!" என்று கத்தினேன். என் மனைவி கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஈரத்தரை என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்து அழுதாள். கூட்டம் கூடிவிட்டது. மீன்கார அம்மா எழுந்து நின்று, "என்னாய்யா, புள்ள அழுவுது, நீ சிரிக்கிற?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என் வூட்டுக்காரன் இந்தக் கொரலுக்குப் பயந்து ஊர விட்டே ஓடுவான். இதக் கேட்டு சந்தோஷப்பட்ட மொத ஆளு நீதான்யா" என்றார். பிறகு பிள்ளை பக்கம் குனிந்து, அவ்வளவு பெரிய குரலை எங்கேயோ சுருட்டி வைத்துவிட்டு, "அழுவாத ராஜா" என்று கிசுகிசுத்தார். அதுவும் அவனுக்குக் கேட்டது. அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தான். அன்று எங்கள் வீட்டில் வஞ்சர மீன் குழம்பு.

வியாழக்கிழமை இதைச் சொன்னதும் டாக்டரம்மா மறுபடி சாவியைக் குலுக்கிப் பார்த்தார். இரண்டு பக்கமும் திரும்பினான். மாசேர் சிலுவை போட்டுக்கொண்டார். "ஒங்க மில்லுல அப்பாமாருங்க நெறைய பேர் இருப்பாங்களே, அவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. டீக்கடையில் கூட்டாளிகளிடம் சொன்னபோது கேலி செய்தார்கள். அடுத்த வாரமே ஒருவன் குடைக்குள் பிள்ளையையும் தன் முகத்தையும் சேர்த்து மறைத்துக்கொண்டு வந்தான். அவனைப் பார்த்து இன்னொருவன். பெஞ்சில் பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். போகப் போக, தாய்மார் தனியாக வந்தால், "புள்ளைக்கு அப்பா எங்க?" என்று மாசேர் கேட்க ஆரம்பித்தார்.

என் மகன் பள்ளிக்கூடம் சேர்ந்த சமயத்தில் எங்களுக்குப் பெண் பிறந்தது. இந்த முறை எனக்கு எல்லாம் தெரியும் என்ற தெம்பில் இருந்தேன். காலையில் எதிரில் உட்கார்ந்து மில் கதையை ஆரம்பித்தேன். அவள் கொட்டாவி விட்டாள். தொடர்ந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் நான் வாயை மூடிய உடனே அவள் ஆரம்பிப்பாள். கையை ஆட்டி, புருவத்தைத் தூக்கி, எந்தப் பாஷையிலும் சேராத ஒரு பெரிய கதை.

டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பாயில் உட்கார்ந்து அவள் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"இவளுக்கு நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார். "அவ சொல்றதக் கேளுங்க, போதும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தோளில் இருந்தபடி அவள் எதையோ சொல்லிக்கொண்டே வந்தாள். நான் "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டே நடந்தேன்.