பாய்க்கப்பலுக்காகக் காத்திருந்த ஞானஸ்நானம்

இன்று கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் தங்கையின் மகளுக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் நான். நம்மவர் விசேஷமொன்றுக்கு வாழ்க்கையில் முதன்முறையாக நேரத்தோடு புறப்பட்டிருந்தேன்.

தேம்ஸ் ஆற்றைக் கடக்கும் டவர் பிரிட்ஜுக்கு முன்னால் பஸ் நின்றது. டிரைவர் யாழ்ப்பாணத்தவர், எஞ்சினையே அணைத்துவிட்டார்.

"அண்ணை, எனக்கு நேரம் போகுது!"

"கப்பல் வருது தங்கச்சி. இங்கை அதுக்குத்தான் முதல் வழி. ஆரெண்டாலும் நிக்கத்தான் வேணும்."

கோபத்தோடு கதவைத் திறக்கச் சொல்லி இறங்கினேன்.

பாலம் நடுவில் இரண்டாகப் பிரிந்து, நாங்கள் போகவேண்டிய தெரு, வெள்ளைக் கோடுகளோடு அப்படியே சுவராக எழுந்து வானத்தைப் பார்த்து நின்றது. கீழே சிவப்புப் பாய் விரித்த பழைய மரக்கப்பல் ஒன்று. அதன் மேல்தட்டில் கிளாஸும் கையுமாகப் பத்துப்பேர். அவர்கள் உலாப் போவதற்காக இத்தனை பஸ்களும் லொறிகளும் சத்தமில்லாமல் நின்றன. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

தங்கைக்கு அழைத்தேன். "பிந்தும் போலை கிடக்கு. பாலத்தைத் திறந்திட்டாங்கள்."

"ஆறுதலா வா அக்கா. பாதரும் அங்கைதானாம் நிக்கிறார்."

திரும்பிப் பார்த்தேன். நாலு கார் தள்ளி, நடைபாதையில், வெள்ளை அங்கியோடு ஒருவர் வாயைப் பிளந்தபடி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

ஞானஸ்நானம் முக்கால் மணி நேரம் தாமதம். நம்பாத சொந்தக்காரர்கள் என்னைக் கேட்கவேண்டாம். ஆதாரம் பாதரின் போனில் இருக்கிறது.