குல்யாஷ் சுமந்த பேட்டரி

கராகண்டி நகரத்துக் குளிரில் இரவு முழுக்க வெளியே கிடந்தால் கார் பேட்டரி செத்துவிடும். அதனால் குல்யாஷ் அக்கா தினமும் சாயங்காலம் புருஷனின் காரிலிருந்து அதைக் கழற்றி, நாலு மாடி ஏறி வீட்டுக்குள் வைப்பார். விடியுமுன் கீழே தூக்கிவந்து மாட்டுவார். புருஷன் தொக்தார் சாவியைத் திருப்புவான், அவ்வளவுதான்.

"என் வண்டி ஒரு நாளும் மக்கர் பண்ணாது" என்று அதே குடியிருப்பில் இருக்கும் எங்களிடம் பீற்றிக்கொள்வான்.

நேற்று மதியம் அக்கா செத்துப்போனார். இன்று சவ வண்டி வந்தபோது, குடியிருப்பின் வாசலை அடைத்துக்கொண்டு அவன் கார் நின்றது. பேட்டரியில் உயிரில்லை. ஆட்டோமேட்டிக் கியர் அசையவில்லை. தள்ளிப் பார்த்தும் சக்கரம் உருளவில்லை.

"கியர் பக்கத்துல சின்ன மூடி இருக்கும்ண்ணே. அதைப் பேத்துட்டு, சாவிய உள்ள விட்டு அழுத்திக்கிட்டே நியூட்ரலுக்கு இழுங்க" என்று காருக்குள் இருந்த தொக்தாரிடம் சொன்னேன்.

"ஒனக்கு யார்றா சொன்னது?"

"அக்காதான்."

எல்லோரும் சேர்ந்து காரைத் தள்ளி ஓரங்கட்டினோம். தொக்தார் இறங்கி எங்களைப் பார்த்துக் கத்தினான்.

"நேத்து ராத்திரி பேட்டரிய உள்ள எடுத்து வைக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணலையா?"

"எடுத்து வைக்கிறவங்களத்தாண்ணே இப்பத் தூக்க வந்திருக்கோம்" என்றேன்.